பாஸ் வாங்கலாமா, மாமா?

என் அக்கா மகன் போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தான். அடுத்த மாதம் மனைவியையும் பத்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு பாரிசுக்குப் போகிறானாம். அங்கே ஐந்து நாள் தங்கல். "மாமா, நீங்க ரெண்டு தடவை போயிருக்கீங்க. மியூசியம் பாஸ்னு ஒண்ணு விக்கிறாங்களே, அதை வாங்கிடலாமா, இல்ல அங்கங்கே டிக்கெட் எடுத்துக்கலாமா?" என்று கேட்டான்.

உடனே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்கு நான் ஒருமுறை தவறான விடை எழுதியவன். முப்பத்து நான்கு வருடம் கும்பகோணத்துப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த எனக்குக் கூட்டலில் பிழை வரவில்லை. எதைக் கூட்டுவது என்பதில்தான் பிழை வந்தது. அதனால், "ரெண்டு நாள் பொறு, யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். பாரிசிலும் அதைச் சுற்றிலும் உள்ள ஐம்பதுக்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களுக்கும் நினைவுச் சின்னங்களுக்கும் ஒரே சீட்டு. ஒவ்வோர் இடத்துக்கும் ஒருமுறை போகலாம். 48 மணி, 96 மணி, 144 மணி என்று மூன்று வகை. லூவர், ஓர்சே, வெர்சாய் அரண்மனை, பான்தியோன், வெற்றி வளைவு எல்லாம் இதில் உண்டு. எல்லோரும் முதலில் கேட்கும் ஈஃபல் கோபுரம் இதில் இல்லை. மெட்ரோவும் பஸ்ஸும் இல்லை. நம்மூர் ஓட்டல்களில் அளவுச் சாப்பாடு, முழுச் சாப்பாடு என்று எழுதியிருக்குமே, அந்த மாதிரி. முழுச் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்து உட்கார்ந்தவருக்குப் பசி அடங்கிய பிறகும் இன்னொரு கை சாதம் கேட்கத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று.

2018 மே மாதம் முதல்முறை போனோம். மகள் அங்கே வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம், அவளுக்கு விடுப்பு அதிகம் இல்லை. ஊர் சுற்ற இரண்டு நாள்தான் என்று முடிவானதும், விமானம் ஏறுவதற்கு முன்பே ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதினேன். இடது பக்கம் இடத்தின் பெயர், வலது பக்கம் டிக்கெட் விலை. விலை கூடியவை மேலே, குறைந்தவை கீழே. மேலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தால் இரண்டாம் நாள் மாலைக்குள் பாஸுக்குக் கொடுத்த பணம் தேறிவிடும். கீழே இருந்த வரிகளில் கிமே அருங்காட்சியகமும் ஒன்று. ஆசியக் கலைகளுக்கென்றே உள்ள இடம் அது.

"அங்க நம்ம ஊர் நடராஜர் ஒருத்தர் இருக்காராம்ங்க" என்றாள் மனைவி. அவள் சுவாமிமலைக்காரி, ஸ்தபதிகளின் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவள்.

"நடராஜரை நாம ஊர்லயே பாத்துக்கலாம்" என்று சொல்லி அந்த வரியை அடித்தேன்.

அப்போது பாஸுக்கு நாள் கணக்கு. முதல் இடத்தில் எத்தனை மணிக்கு நுழைந்தாலும் அது ஒரு முழு நாளாகிவிடும். (இப்போது மணிக் கணக்காக்கிவிட்டார்கள். புதன் மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கினால் வெள்ளி மதியம் இரண்டு வரை செல்லும். இது நல்ல மாற்றம்.) நாங்கள் லூவருக்குள் போனபோது மதியம் இரண்டு. அரை நாள் கைவிட்டுப் போயிற்றே என்ற பதற்றம் அந்த வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டது. ஏறத்தாழ 35,000 பொருட்கள் காட்சிக்கு வைத்திருக்கும் இடம் அது. எதற்கு முன்னாலும் இரண்டு நிமிடம் நிற்க என்னால் முடியவில்லை. மோனாலிசா 77 செ.மீ. உயரப் படம். அதையும் கூட்டத்தார் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த கைப்பேசிகளின் இடைவெளியில்தான் பார்த்தோம்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு சென்ட் ஷப்பெல். ஒன்பதாம் லூயி மன்னன், இயேசுவின் முள்முடி என்று நம்பப்பட்ட புனிதப் பொருளை வைப்பதற்காகக் கட்டிய ஆலயம். 1248-இல் அர்ப்பணம் ஆனது. குறுகலான சுழல் படியில் ஏறி மேல் கூடத்துக்கு வந்ததும், கட்டடத்துக்குச் சுவர் இருப்பதாகவே தெரியவில்லை. மூன்று பக்கமும் வண்ணக் கண்ணாடி. 15 சன்னல்கள், அவற்றில் விவிலியத்திலிருந்து 1,113 காட்சிகள். காலை வெயில் நீலமும் சிவப்புமாகத் தரையில் விழுந்திருந்தது. ஓரத்தில் நாற்காலிகள் காலியாக இருந்தன.

"கொஞ்ச நேரம் உட்காருவோமே" என்றாள் மனைவி.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "ஓர்சேல வரிசை நீளமாயிடும், வா" என்றேன்.

இருபத்தைந்து நிமிடத்தில் அந்த இடத்தை விட்டு வெளியே வந்துவிட்டோம். பிறகு ஓர்சே. 1900 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ரயில் நிலையம், 1986-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அங்கே ஐந்தாம் தளம் மட்டும் பார்த்தோம். பிறகு பான்தியோன். மாலையில் வெற்றி வளைவு. அதற்கு 284 படி. மனைவிக்கு முழங்கால் வலி. "நீங்க போய்ட்டு வாங்க" என்று கீழேயே உட்கார்ந்துவிட்டாள். நான் மட்டும் ஏறினேன்.

அன்று இரவு நோட்டை எடுத்துக் கூட்டினேன். பாஸ் விலையைத் தாண்டியிருந்தது. மகள் தோசை வார்த்துக்கொண்டே, "அம்மா, உனக்கு எதும்மா பிடிச்சுது?" என்று கேட்டாள். "அந்தக் கண்ணாடிக் கோயில்தான். ஆனா சரியாப் பாக்கலடி" என்றாள் அவள். குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அவளை உட்கார விடாமல் கிளப்பியதற்கு இன்றைக்கும் வருந்துகிறேன்.

பாஸின் மீது தவறு இல்லை. அது சொன்னதைச் சொன்னபடி கொடுத்தது. பணம் முன்னதாகக் கட்டியாகிவிட்டது என்றதும், எதைப் பார்க்க ஆசை என்ற கேள்வியை விட்டுவிட்டு எதைப் பார்த்தால் காசு தேறும் என்ற கேள்விக்கு நான் மாறிக்கொண்டேன். விலைப் பட்டியல் என் விருப்பப் பட்டியலின் இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. அப்படி உட்கார்ந்தது அப்போது எனக்குத் தெரியவே இல்லை.

இரண்டாம் முறை 2024 அக்டோபரில் போனோம். அந்த வருடத்து விலையை வைத்துக் கணக்கைச் சொல்கிறேன். 48 மணி பாஸ் 62 யூரோ. லூவர் 22, ஓர்சே 16, சென்ட் ஷப்பெல் 13. மூன்றும் சேர்ந்து 51. நாலாவதாக வெற்றி வளைவு 16 சேர்ந்தால் 67. ஆகவே இரண்டு நாளில் மூன்று இடம் என்றால் பாஸ் நஷ்டம், நாலு இடம் என்றால் ஆளுக்கு ஐந்து யூரோ மிச்சம். இரண்டு பேருக்குப் பத்து யூரோ, அன்றைய மதிப்பில் தொள்ளாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். முதல் பயணத்தில் நான் ஓடிய ஓட்டமெல்லாம் இந்த அளவு மிச்சத்துக்காகத்தான். இப்போது விலைகள் ஏறியிருக்கின்றன. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு லூவரில் 2026 ஜனவரி முதல் 32 யூரோ. அதனால் போகிற மாதத்து விலையை வைத்துத்தான் கூட்ட வேண்டும்.

அதே 2024-இல் 144 மணி பாஸ் 92 யூரோ. முப்பது யூரோ கூடக் கொடுத்தால் மூன்று மடங்கு நேரம். நாளுக்கு 31 யூரோ என்பது 15 சொச்சமாக இறங்கிவிடுகிறது. ஒரு நாளைக்கு ஓர் இடம் பார்த்துவிட்டுப் பூங்காவில் உட்கார்ந்தாலும் பெரிதாக நஷ்டமில்லை. க்ளூனி அருங்காட்சியகம், ஓவியர் டெலக்ருவாவின் வீடு போன்ற சிறிய இடங்களில் அரை மணி எட்டிப் பார்த்துவிட்டு, காசு போயிற்றே என்ற எண்ணம் இல்லாமல் வெளியே வரலாம். பாஸின் உண்மையான நன்மை இதுதான் என்று நினைக்கிறேன். வயதானவர்கள் வாங்குவதானால் நீண்டதை வாங்கட்டும். இரண்டு நாள் பாஸ் கால் வலுவுள்ள பிள்ளைகளுக்கு.

கூட்டலில் வராத சங்கதிகளும் இருக்கின்றன. பாஸ் கையில் இருந்தாலும் லூவர், சென்ட் ஷப்பெல், வெர்சாய் மூன்றுக்கும் நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். அந்த நேரங்கள் முன்கூட்டியே தீர்ந்துவிடும். அதனால் நேரம் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பாஸுக்குப் பணம் கட்ட வேண்டும். பாதுகாப்புச் சோதனை வரிசை எல்லோருக்கும் உண்டு, பாஸ் வைத்திருப்பவருக்கும் உண்டு. செவ்வாய் லூவர் விடுமுறை. திங்கள் ஓர்சேயும் வெர்சாயும் விடுமுறை. ஞாயிறு மாலை போய் இறங்கி, திங்கள் செவ்வாயைப் பாஸுக்கு ஒதுக்கினால் பெரிய இடங்கள் ஒவ்வொன்றாக முகத்தை மூடிக்கொள்ளும். வியாழன் இரவு 9.45 வரை ஓர்சே திறந்திருக்கும், அப்போது நெரிசலும் குறைவு. ஒரே இடத்துக்கு இரண்டாம் முறை போக ஆசைப்பட்டால் பாஸ் உதவாது, தனி டிக்கெட்தான்.

2024-இல் மகள் வீட்டில் ஐந்து வாரம் இருந்தோம். பாஸ் வாங்கவில்லை. முதல் நாளே நோட்டை மனைவியிடம் கொடுத்து, "நீ எழுது, விலை வேண்டாம்" என்றேன். அவள் மூன்று வரிதான் எழுதினாள். கண்ணாடிக் கோயில், நடராஜர், அப்புறம் காய்கறிச் சந்தை.

மூன்றாவதுக்கு டிக்கெட்டே இல்லை. லா ஷப்பெல் பக்கம் ஈழத்துத் தமிழர் கடைகள் தெரு நீளத்துக்கு இருக்கின்றன. முருங்கைக்காயும் வல்லாரையும் வாங்கிக்கொண்டு, கடைக்கார அம்மாவிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தாள். நகராட்சியின் கார்னவலே அருங்காட்சியகத்திலும் பெத்தி பலேயிலும் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணமே கிடையாது. இரண்டுக்கும் மழை நாட்களில் போனோம். நோத்ர தாமைச் சுற்றி அப்போது சாரமும் கிரேனும் நின்றன, வெளியிலிருந்து பார்த்தோம். அந்த டிசம்பரில் திறந்துவிட்டார்கள். உள்ளே போகக் கட்டணம் இல்லை. பாரிசின் பெரிய ஆலயத்தையே எந்தப் பாஸும் இல்லாமல் பார்க்கலாம் என்பதைப் போகிறவர்கள் மனதில் வைக்க வேண்டும்.

சென்ட் ஷப்பெலுக்குப் பிற்பகலில் போனோம். சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தோம். வெயில் மேற்கே சாயச் சாயத் தரையில் கிடந்த வண்ணம் நகர்ந்து எதிர்த் தூணில் ஏறியது. அவள் புடவை மடியில் கொஞ்ச நேரம் சிவப்பு இருந்தது, பிறகு நீலம் வந்தது. ஒன்றேகால் மணி நேரம் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

அக்கா மகனுக்கு நேற்று போன் செய்தேன். "மகளுக்கு எதுவும் வாங்காதே, பதினெட்டு வயசுக்குள்ள இருக்கற பிள்ளைங்களுக்கு லூவர், ஓர்சே, சென்ட் ஷப்பெல் எல்லாமே இலவசம். ஆனா முன்பதிவு கேக்கற இடத்துல அவ பேர்லயும் நேரம் குறிச்சுக்கோ" என்றேன். பிறகு, மூன்று பேரும் தனித்தனியாக உட்கார்ந்து, விலையைப் பார்க்காமல், பார்க்க ஆசைப்படும் இடங்களை எழுதச் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் கூட்டட்டும். ஐந்து நாளில் ஆறேழு இடம் வந்தால் 96 மணியோ 144 மணியோ வாங்கட்டும். மூன்று நாலு வந்தால் டிக்கெட் போதும். "மாமா, ஒரே தடவதான் போகப் போறோம், எல்லாத்தையும் பாத்துட வேண்டாமா?" என்றான். நானும் 2018-இல் இதைத்தான் சொன்னேன். அதனால் அவனிடம் கிமேக்குப் போன கதையைச் சொன்னேன்.

அக்டோபர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை மதியம். ஒன்பதாம் எண் மெட்ரோவில் இயேனா நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே கட்டடம். லியோன் நகரத்துத் தொழிலதிபர் எமீல் கிமே சேர்த்த பொருட்களோடு 1889-இல் பாரிசில் திறந்த இடம். கம்போடியச் சிற்பங்கள் நிறைந்த கூடத்தைக் கடந்து இந்தியப் பகுதிக்குப் போனோம். தமிழ்நாட்டிலிருந்து போன பதினோராம் நூற்றாண்டுச் செப்புத்திருமேனி அங்கே இருக்கிறது. அன்றைக்கு அந்தப் பக்கம் எங்களைத் தவிர இரண்டே பேர்.

மனைவி முதலில் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, முயலகன் கிடக்கும் பீடத்தின் ஓரத்தைப் பார்த்தாள். பிறகு சுடர்கள் உள்ள திருவாசியை. பிறகு விரல்களை. "மெழுகுல இந்த விரலை இழைக்கவே ஒரு நாள் ஆயிருக்கும்ங்க" என்றாள். தேன்மெழுகில் உரு செய்து, காவிரி வண்டலைப் பூசி, காயவைத்துச் சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும், அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள், மண் அச்சை உடைத்துத்தான் எடுக்க முடியும், அதனால் ஒரு மெழுகுக்கு ஒரே விக்கிரகம். சின்ன வயதில் பக்கத்துப் பட்டறையில் அச்சு உடைக்கிற அன்று பள்ளிக்கூடம் போகாமல் வாசலில் நின்றதையும், உடைத்ததும் கறுப்பாக, அடையாளமே தெரியாமல் சாமி வெளியே வருவதையும் சொன்னாள். கல்யாணமாகி நாற்பத்தைந்து வருடத்தில் இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. நான் கேட்டதும் இல்லை.

மூடும் நேரம் ஆறு மணி என்று காவலர் வந்து சொன்னார். அவள் எழுந்தாள். பாதத்தைத் தொடப் போன கை பாதி வழியில் நின்றது. இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டாள். படியிறங்கும்போது, "நாளைக்கும் வரலாமா?" என்றாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கதவு திறந்தபோது நாங்கள் வாசலில் நின்றோம். இரண்டு டிக்கெட் எடுத்தேன்.