எண்ணெய் போனால் போதுமா?

கெலமங்கலம், ஓசூர் பக்கம் பிளேட்டிங் பட்டறையில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் முதல் பாடமாக இதைத்தான் சொல்வார்கள். லேத்திலிருந்து வரும் சாமான் மேல் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். கழுவாமல் தொட்டியில் இறக்கினால் முலாம் ஒட்டாது, உரிந்து வந்துவிடும். கழுவிவிட்டு டீ குடிக்கப் போனாலோ துரு! கழுவின கையோடு அடுத்த தொட்டி.

குவாண்டம் புள்ளி சோலார் செல் செய்கிறவர்களுக்கும் இதே தலைவலிதான். (பெயரைக் கேட்டு பயந்துவிட வேண்டாம்.) காரீய சல்பைடை சில நானோமீட்டர் துகளாக வளர்க்கிறார்கள். துகளின் அளவை மாற்றினால் அது விழுங்கும் ஒளியும் மாறும். சிலிக்கான் தவறவிடும் அகச்சிவப்பைக்கூட பிடிக்கலாம். மை மாதிரி பூசிவிடலாம், மலிவு என்பது விற்பனைப் பேச்சு.

சிக்கல் எங்கே? துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் வளர ஒலியிக் அமிலம் வேண்டும். கடலை எண்ணெயில் நிறைய இருக்கிறதே, அதேதான். 18 கார்பன் நீள வால். வளரும்போது காவல், செல்லாக ஆனபிறகு தடைச்சுவர். ஒரு துகளிலிருந்து அடுத்ததற்கு எலக்ட்ரான் தாண்ட முடியாது.

சரி, கழுவிவிடலாமே? வெறும் பரப்பில் ஆக்ஸிஜன் ஏறும். பிணைப்பு இல்லாமல் நிற்கும் அணுக்கள் பள்ளம் மாதிரி, எலக்ட்ரான் அதில் விழுந்தால் மின்சாரம் போச்சு. அதனால் கழுவுவது இல்லை, மாற்றுவது. நீள வாலை எடுக்கும்போதே அந்த இடத்தில் 3 கார்பன் உள்ள மெர்காப்டோ புரோப்பியானிக் அமிலமோ, ஒற்றை அயோடைடு அயனியோ உட்கார வேண்டும்.

கர்நாடகத்தில் பிறந்த பிரசாந்த் காமத், அமெரிக்காவின் நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தில் 2006-ல் இந்த மாதிரி குட்டை அமிலங்களையே பாலமாக வைத்து காட்மியம் செலினைடு துகள்களை டைட்டானியம் டை ஆக்ஸைடோடு கட்டினார். 2011-ல் அவர் குழு 'சோலார் பெயிண்ட்' என்று அறிவித்தது. கிடைத்த திறன் 1 சதவீதத்தை ஒட்டித்தான்! 2014-ல் எம்.ஐ.டி.யில் பவெண்டி, புலோவிச் குழு காரீய சல்பைடில் ஒரு அடுக்குக்கு அயோடைடு, மேல் அடுக்குக்கு ஈத்தேன் டைதயால் என்று இரண்டு குளியல் கொடுத்தது. 8.55 சதவீதம், காற்றில் 150 நாள் தாண்டியும் தாங்கியது. துகள் இரண்டு அடுக்கிலும் ஒன்றுதான், மேல்தோல்தான் வேறு. (பவெண்டிக்கு 2023-ல் நோபல் கிடைத்தது, ஆனால் துகள் செய்யும் முறைக்காக.)

மலிவுக் கணக்கில் ஒரு வரி விட்டுப்போகிறது. அடுக்கடுக்காகப் பூசும்போது ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு முக்கல், ஒரு அலசல். அலசின மெத்தனாலும் காரீயமும் எங்கே போகும்? தென்பெண்ணையில் கெலவரப்பள்ளி அணையில் நுரை மலைமாதிரி பொங்கியதைப் பார்த்த ஊர்க்காரர்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

குடுவையிலேயே வாலை மாற்றி, மையாக்கி, ஒரே தடவையில் பூசும் முறை பிறகு வந்தது. அலசல் குறைந்தது. ஆனால் அந்த மைக்குப் பல ஆய்வகங்களில் பயன்பட்ட கரைப்பான் டைமெத்தில் ஃபார்மமைடு. தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கி கல்லீரலைப் பிடிக்கும் சரக்கு.