வட்டி குட்டி போட்ட வீட்டுப்பாடம்

ஆபீஸ்ல ஆணி அதிகம் மக்கா, அதான் கொஞ்ச நாளா ஆளைக் காணோம்.

குட்வில் எஸ்டேட்டுக்கு வந்து நாலு வருஷமாச்சு. அந்தமான்ல கடிகாரம் மட்டும்தான் இந்திய நேரம். டிசம்பர்ல சாயங்காலம் 5 மணிக்கே பொழுது சாஞ்சிடும். அப்படி ஒரு நீளமான ராத்திரியில, பன்னெண்டாவது படிக்கிற என் பொண்ணு அப்ளைடு மேத்ஸ் நோட்டோட வந்து நின்னா.

"அப்பா, நீங்க இன்ஜினியர்தானே?"

இந்தக் கேள்வி வந்தாலே எனக்கு வயிறு கலங்கும் :-)

முதல் கணக்கு, வட்டிக்கு வட்டி. 1 ரூபாய்க்கு வருஷத்துக்கு 100 சதவீத வட்டி. வருஷத்துக்கு ஒரு தடவை சேர்த்தா 2 ரூபாய். மாசாமாசம் சேர்த்தா 2.61. தினமும் சேர்த்தா 2.71. நொடிக்கு நொடி சேர்த்தாலும் 2.72-ஐத் தாண்டாது. 1683-ல ஜேக்கப் பெர்னூலி போட்டுப் பார்த்த கணக்கு இது. அதையே 10 சதவீதத்துக்குப் போட்டா, எத்தனை தடவை சேர்த்தாலும் 10.52-தான் வருது. வட்டி குட்டி போடும்னு நாம பயந்த குட்டி இவ்வளவுதானா!

அடுத்தது கடன் கணக்கு. 1 லட்சம், 10 சதவீதம், 36 மாசம். பிளாட் வட்டின்னா தவணை 3,611. குறையும் அசலுக்கு மட்டும் வட்டின்னா 3,227.

3,611-ஐப் பார்த்ததும் எனக்கு கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சிடுச்சு. அம்மா ஆபரேஷனுக்கு நான் வாங்கின கடனோட தவணை அதேதான். ஒரு மாசம்கூடத் தவறாம கட்டினேன்னு பெருமை வேற.

"அப்பா, பாதி அசலைத் திருப்பிக் கொடுத்த அப்புறமும் ஏன் முழு லட்சத்துக்கும் வட்டி கட்டினீங்க?"

பதில் இல்லை. உண்மையான வட்டி கிட்டத்தட்ட 18 சதவீதம். கூடுதலாப் போனது 13,800 ரூபாய்.

மூணாவது, நிகழ்தகவு. ஒரு மாசத் தவணை தவறுற வாய்ப்பு 100-க்கு 2-தான்னு வைங்க. 36 மாசத்துல ஒரு தடவையாவது தவற வாய்ப்பு எவ்வளவு? 0.98-ஐ 36 தடவை பெருக்கி 1-ல இருந்து கழிச்சா 52 சதவீதம்! பாதிக்கு மேல! அபராதம் யாரோ பொறுப்பில்லாதவனுக்குத்தான்னு நினைச்சிட்டு இருந்தேன்.

அப்பத்தான் தம்பி ஞாபகம் வந்துச்சு. ஊர்ல லோடு ஆட்டோவுக்குக் கடன் வாங்கப் போறேன்னு சொல்லியிருந்தான். போன் போட்டேன்.

"எலே, பிளாட் வட்டியா, குறையுற வட்டியா? கேட்டியால?"

"10 சதவீதம்னாங்கண்ணே."

2024 அக்டோபர் 1-ல இருந்து, இந்த மாதிரி புதுக் கடன்களுக்குக் கட்டணமெல்லாம் சேர்த்த மொத்த வருட வட்டி விகிதத்தைக் காட்டுற ஒரு தாளைத் தரணும்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. கீ ஃபாக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்னு பேரு. அதை எடுத்துப் படிக்கச் சொன்னேன். தாளைப் புரட்டுற சத்தம் கேட்டுச்சு.

"ஏபிஆர் 18.6ன்னு போட்டிருக்குண்ணே..."

"கையெழுத்து போட்டுட்டியா?"

"இல்லண்ணே. நாளைக்குத்தான்."

பொண்ணு நோட்டை மூடிட்டுத் தூங்கப் போயிட்டா. நான்தான் ரொம்ப நேரம் முழிச்சிருந்தேன்.

ஊர்ல உங்க வீட்டுலயும் யாராவது கையெழுத்து போடப் போறாங்களான்னு ஒரு போன் போட்டுக் கேளுங்க மக்கா.