அச்சு இற்ற ஊரில்

திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமான் விநாயகரை மறந்ததால் தேரின் அச்சு இற்று நின்ற ஊர் அச்சிறுபாக்கம் என்பது ஐதீகம், இன்று அச்சரப்பாக்கம். சென்ற கோடையில் நமது மோட்டாரும் அவ்வூரிலேயே ஆவி கக்கி நின்றது. நாம் மறந்தது ரேடியேட்டரை!

எஞ்சின் ஆறும் வரையில் மூடியைத் தொடலாகாதென்றார் மெக்கானிக். பிறகு அடித்திருகைத் திறந்தார். துருவேறிய செங்குழம்பு வடிந்தது. கூலண்டில் துருவைத் தடுக்கும் மருந்து நாளடைவில் வலுவிழந்துவிடுமாம். தெளிந்த நீர் வரும்வரை அலசி, காய்ச்சி வடித்த நீர் கலந்து புதியதை ஊற்றினார்.

பழையதைச் சாலையோரத்தில் கொட்டப் போனோம்.

"வேண்டாம், ஸார்! இனிப்பாயிருக்கும், நாய் நக்கினால் செத்துப் போகும்" என்று பதறித் தடுத்தார்.

எத்திலீன் கிளைக்கால் விஷமென்பது நாம் ஏட்டில் படித்ததுதான். வெட்கத்துடன் அதைத் தகர டப்பாவில் ஊற்றி மூடினோம்.