அஞ்சு என்றால் என்ன அஞ்சு?

ராத்திரி இரண்டு மணிக்கு போன் அடித்தால் அது நல்ல செய்தியாக இருக்காது. வேலைக்குச் சேர்ந்து ஏழாவது மாதம். நான் எழுதிய சின்ன புரோகிராம் ஒன்று, பதில் சொல்லாத ஒரு சர்வரை அஞ்சு செகண்டுக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். அது மூச்சுவிடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. ஏற்கனவே திணறிக்கொண்டிருந்த சர்வர் மொத்தமாகப் படுத்துவிட்டது.

காலையில் என் லீட் ஒரே ஒரு வரியில் விரல் வைத்தார். டைம்.ஸ்லீப்(5).

"இந்த அஞ்சு, என்ன அஞ்சு?"

"அஞ்சு செகண்ட்."

"செகண்டுனு எங்க எழுதியிருக்க?"

எங்கேயும் எழுதவில்லை. என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது.

நான் எழுதியது கோ மொழியில். ராபர்ட் கிரீஸ்மர், ராப் பைக், யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் ஆகிய மூவரும் 2007-இல் கூகுளில் தொடங்கி, 2009-இல் வெளியே விட்ட மொழி. டைப் விஷயத்தில் ரொம்பக் கறார். ஒரு வேரியபிளில் முழு எண், இன்னொன்றில் தசம எண் இருந்தால் இரண்டையும் கூட்ட விடாது. சி மொழி தானாகவே மாற்றிக்கொண்டு கூட்டிவிடும். இங்கே நீங்களே மாற்றித் தர வேண்டும்.

இவ்வளவு கறாரான மொழி மாறிலிகளிடம் மட்டும் கொஞ்சம் இளகும். சும்மா 5 என்று எழுதினால் அதற்கு டைப் கிடையாது. அது வெறும் எண். தசம எண்ணோடு சேர்ந்தால் தசமமாகும், முழு எண் கேட்கும் இடத்தில் முழு எண்ணாகும். இதில் ஒரு அழகும் இருக்கிறது. கோவின் கணித நூலகத்தில் பை-யின் மதிப்பை அறுபது இலக்கத்துக்கு மேல் எழுதி வைத்திருக்கிறார்கள். வழக்கமான தசம வேரியபிளில் அதில் பதினைந்து, பதினாறு இலக்கம்தான் தங்கும். ஆனால் மாறிலியாக இருக்கிற வரைக்கும் அத்தனை இலக்கமும் கூடவே வரும். வேரியபிளுக்குள் போகும்போதுதான் மீதி உதிர்கிறது.

ஸ்லீப் கேட்பது டியூரேஷன் என்கிற டைப்பை. அது உள்ளே நானோசெகண்டில் எண்ணுகிறது. என் 5 அங்கே போய் அஞ்சு நானோசெகண்ட் ஆகிவிட்டது. ஒரு செகண்டை நூறு கோடியாக வெட்டி அதில் அஞ்சு துண்டு. கம்பைலர் வாயே திறக்கவில்லை. அதன் கணக்கில் தப்பு ஒன்றும் இல்லையே.

அதே 5-ஐ ஒரு இன்ட் வேரியபிளில் போட்டு அனுப்பியிருந்தால் வாசலிலேயே பிடித்திருக்கும். மாறிலிக்கே இன்ட் என்று டைப் கொடுத்திருந்தாலும் பிடித்திருக்கும். டைப் இல்லாததால்தான் அது உள்ளே போக முடிந்தது. அன்றிலிருந்து 5 * டைம்.செகண்ட் என்று முழுசாக எழுதுகிறேன்.

இனி இந்தத் தப்பைச் செய்ய மாட்டேன் என்றுதான் நினைத்தேன். போன வருஷம் மறுபடி செய்தேன். இந்த முறை வீட்டில்.

அம்மாவுக்கு இன்சுலின். காலையில் பத்து, ராத்திரி ஆறு. வழக்கமாக ஊரில் அம்மாவே ஊசி வாங்கிக்கொள்வார். அந்த மாதம் நான் சென்னையிலிருந்து ஒரு பாக்கெட் வாங்கிப்போனேன். கடையில் "இன்சுலின் ஊசி" என்று கேட்டேன். கொடுத்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் சர்க்கரை முந்நூறுக்குக் கீழே இறங்கவே இல்லை. நான் போனில் கத்தினேன். ஸ்வீட் சாப்பிட்டியா, ஊசியை மறந்துட்டியா என்று.

"பத்துதான்டி போடுறேன். கோடு பாத்துதான் போடுறேன்."

கிளினிக்கில் சிஸ்டர், "எந்த ஊசியில போடுறீங்கம்மா? எடுத்துட்டு வாங்க" என்றார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். ஆரஞ்சு மூடி. மருந்து பாட்டிலில் 40 என்று போட்டிருந்தது, ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி ஊசிதான் சரி. ஆரஞ்சு மூடி, மில்லிக்கு 100 யூனிட் இருக்கிற மருந்துக்கானது. அதில் பத்தாவது கோடு என்றால் 0.1 மில்லி. அம்மா உடம்புக்குள் போனது நாலு யூனிட்.

"தலைகீழா நடந்திருந்தா?" என்று கேட்டேன். 100 மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் பத்தாவது கோடு வரை எடுத்தால் இருபத்தைந்து யூனிட் போயிருக்கும் என்று சொல்லிவிட்டு சிஸ்டர் நிறுத்திக்கொண்டார். மீதியை நான் கேட்கவில்லை.

அம்மா சொன்ன பத்து சரியான பத்துதான். எந்த ஊசியில் பத்து என்று கேட்டிருக்க வேண்டியது, அந்த ஊசியை வாங்கிக் கொடுத்த நான். அதைக் கேட்காமல் அவரைத் திட்டியிருக்கிறேன். பஸ்ஸில் வரும்போது மன்னிப்புக் கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "சரி விடு" என்றார்.

இப்போதெல்லாம் காலையில் நான் போன் பண்ணினால், எடுத்ததும் அம்மா சொல்லும் முதல் வாக்கியம் இதுதான்: "பத்து யூனிட். சிவப்பு மூடி."