அக்காவின் சுவிச்சு

2023 டிசம்பரில் ஓர் இரவு. மணி பத்தரை இருக்கும். அட்டனிலிருந்து அக்கா தொலைபேசியில் அழைத்தாள். அந்த நேரத்தில் அழைப்பவள் அல்லள் அவள். விடியற்காலைப் பெரட்டுக்கு எழுந்து எழுந்து பழகிய உடம்பு, எட்டு மணிக்கே படுக்கையைத் தேடும்.

"தம்பி, லைட்ட அணைச்சது யாருன்னு கேட்டுச் சொல்லு" என்றாள். குரலில் வலி இருந்தது. வலியைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

நடந்தது இதுதான். வீட்டுக்குப் பின்னால் மூன்று படிகள் இறங்கினால் கழிவறை. பின்வாசல் விளக்கைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். திரும்பி வரும்போது, இரண்டாவது படியில் கால் வைத்த கணத்தில் விளக்கு தானாக அணைந்தது. கால் இடறி விழுந்தாள். வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. மறுநாள் படம் பிடித்துப் பார்த்ததில் எலும்பில் கீறல்.

விளக்கு தானாக அணையவில்லை. அட்டனில் இரவு பத்தரை என்றால் டொரொன்டோவில் நண்பகல் பன்னிரண்டு. அங்கே பணிபுரியும் அக்காவின் மகன் மதிய உணவின்போது கைபேசியைத் திறந்து பார்த்திருக்கிறான். அம்மா வீட்டுப் பின்வாசல் விளக்கு எரிவதாகத் திரை காட்டியது. அணைக்க மறந்துவிட்டாள் போலும் என்று எண்ணி, பத்தாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து விரலால் ஒரு தொடு தொட்டான். அவ்வளவுதான்.

அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விளக்கை வீணாக எரியவிடாதே என்று அவனுக்குச் சொல்லி வளர்த்தவளே அக்காதான்.

கொழும்புப் பத்திரிகைகளில் முப்பத்தெட்டு ஆண்டுகள் குப்பை கொட்டியவன் நான். மின்வெட்டு பற்றி எழுதியிருக்கிறேன். மின் கட்டணம் பற்றி எழுதியிருக்கிறேன். நீர்த்தேக்கங்களின் நீர்மட்டத்தைத் தினமும் பெட்டிச் செய்தியாகப் போட்டிருக்கிறேன். சுவரில் இருக்கும் சுவிச்சைப் பற்றி ஒரு வரியும் எழுதியதில்லை. எழுத என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அக்காவின் மணிக்கட்டு அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

மலையகத்தை அறியாத வாசகர்களுக்காகச் சற்றுப் பின்னால் போக வேண்டும்.

இலங்கையின் நீர்மின்சாரம் பிறந்ததே எங்கள் மலைகளில்தான். பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர நுவரெலியா நகருக்கு ஒளி தருவதற்காக 1912இல் பிளக்பூலில் ஒரு சிறு நீர்மின் நிலையத்தை அமைத்தார். மஸ்கெலியா, கெஹெல்கமு ஆறுகளின் நீரைக் கொண்டு நாட்டுக்கே மின்சாரம் தரலாம் என்று 1918இல் அறிக்கை படித்தார். பழைய லக்சபான நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. காசல்ரீ நீர்த்தேக்கமும், அவர் பெயர் தாங்கிய நோட்டன்பிரிட்ஜ் நிலையமும் 1965இல் வந்தன. பின்னர் மவுஸ்ஸாகலை அணை எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் போனது. கடும் வறட்சியில் நீர் வற்றினால் அந்தக் கோவில் இன்றும் தலை காட்டும். மேல் கொத்மலை நிலையம் தலவாக்கலையில் 2012இல் வந்தது.

மின்கம்பிகள் எங்கள் தேயிலை மலைகளுக்கு மேலாகவே கொழும்புக்குச் சென்றன. தேயிலை ஸ்டோரில் விளக்கு எரிந்தது. துரை பங்களாவில் எரிந்தது. லயத்தில் குப்பி விளக்கு எரிந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்றில் எட்டுப் பேர் படுத்த எங்கள் வீட்டில், நான் படித்ததெல்லாம் மண்ணெண்ணெய்ப் புகையில்தான். காலையில் மூக்கைச் சிந்தினால் கரி வரும்.

எங்கள் லயத்துக்கு மின்சாரம் வந்தது 1995இல். அப்போது நான் கொழும்பில் வேலையில் இருந்தேன். காம்பராவுக்கு ஒரு மின்குமிழ், ஒரு சுவிச்சு. ஒரு வாரம் கழித்து ஊருக்குப் போனபோது அக்கா கொழுந்து நிறுத்துவிட்டு வந்தாள். இடுப்பில் கட்டியிருந்த படங்கில் கையை இரண்டு தரம் துடைத்தாள். பிறகுதான் சுவிச்சை அழுத்தினாள். சாமி விளக்கு ஏற்றுகிறவர்கள் கை துடைப்பதைப்போல இருந்தது அது. "இந்தா பாரு தம்பி, நாம நெனச்சா எரியுது, நாம நெனச்சா அணையுது" என்றாள். அடுத்த ஆண்டே, 1996 வறட்சியில் நாடெங்கும் மின்வெட்டு வந்தது. அது வேறு கதை.

அக்கா இப்போது லயத்தில் இல்லை. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு அவளுக்குக் கிடைத்தது. அந்த வீட்டில்தான் மகன் 2023 ஆகஸ்டில் விடுமுறைக்கு வந்தபோது 'புத்திசாலி விளக்குகள்' பூட்டிவிட்டுப் போனான். நல்ல எண்ணம்தான். அம்மாவுக்குக் கண் மங்கி வருகிறது; தனியாக இருக்கிறாள்; நாய்களைத் தேடித் தேயிலைக்குள்ளிருந்து சிறுத்தை இறங்கி வரும் பகுதி. தூரத்திலிருந்தாவது விளக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தான்.

அவன் முதலில் வாங்கியவை கைபேசியால் இயங்கும் மின்குமிழ்கள். இவற்றில் ஒரு சங்கடம் உண்டு. குமிழுக்குள் இருக்கும் வானொலிக் கருவிக்கு எப்போதும் மின்சாரம் வேண்டும். சுவர்ச் சுவிச்சை அணைத்தால் குமிழ் உயிரற்றுவிடும். கைபேசி எவ்வளவு அழைத்தாலும் பதில் வராது. அக்காவோ உறங்கும் முன் எல்லாச் சுவிச்சையும் அணைப்பவள். 2022 நெருக்கடியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டையும், அதன் பின் வந்த இரு பெரிய கட்டண உயர்வுகளையும் பார்த்தவள். அவளிடம் 'சுவிச்சை அணைக்காதே' என்றால் எப்படி?

மகன் அதற்கொரு வழி கண்டான். எல்லாச் சுவிச்சுகளையும் போட்ட நிலையில் வைத்து, மேலே பிளாஸ்திரி ஒட்டிவிட்டான். பின்வாசலுக்கும் படுக்கை அறைக்கும் மட்டும் கண்ணாடி முகம் கொண்ட தொடு சுவிச்சுகளை வாங்கிப் பூட்டினான்.

மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்த அக்காவைப் பார்க்க அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை வழியாகப் பஸ்ஸில் அட்டன் போய்ச் சேர்ந்தபோது, முதலில் கண்ணில் பட்டது அந்தப் பிளாஸ்திரிதான். அக்கா அதைக் காட்டி ஒன்றுதான் கேட்டாள்: "என் வீட்டுச் சுவிச்சுக்கு ஏன் தம்பி வாய்க்கட்டு?"

அன்றிரவு அவள் வீட்டிலேயே தங்கி, எல்லாவற்றையும் ஒரு செய்தியாளனின் கண்ணோடு பார்த்தேன்.

தொடு சுவிச்சு அவளுக்குப் பணியவில்லை. மூன்று தரம் தொட்டால் ஒரு தரம் எரியும். நான் தொட்டால் உடனே எரிந்தது. காரணம் பிறகு விளங்கியது. அந்தக் கண்ணாடி, விரல் பட்டதும் ஏற்படும் மின்தேக்க மாற்றத்தின் மூலம் விரலை உணர்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து கிள்ளிக் காய்த்துக் காய்ந்துபோன விரல்களை அதனால் சரியாக உணர முடியவில்லை. எழுதுகோல் பிடித்த என் விரலுக்கு மரியாதை; அவளுடைய விரலுக்கு இல்லை. அந்தப் பொருளைச் செய்தவர்கள் வேண்டுமென்று அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். இப்படியொரு விரல் இருக்கிறது என்பது அவர்கள் நினைவுக்கு வந்திருக்காது.

இன்னொன்று. படுக்கை அறை விளக்கு அணைத்த பிறகும் மின்மினிபோல மங்கலாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. அக்கா அதைப் பார்த்துப் பல இரவுகள் உறக்கமின்றிக் கிடந்திருக்கிறாள். பேய் பிசாசு என்று அயலவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் வந்த வயரிங் பாஸ் அதை இரண்டே நிமிடத்தில் விளக்கினார். நம் வீடுகளில் சுவிச்சுப் பெட்டிக்குள் பெரும்பாலும் மின்னோட்டக் கம்பியும், விளக்குக்குப் போகும் கம்பியும் மட்டுமே இருக்கும். நியூட்ரல் கம்பி நேரே விளக்குக்குப் போய்விடும். சாதாரணச் சுவிச்சுக்கு அது போதும். தொடு சுவிச்சுக்கோ தான் விழித்திருக்கவே சிறிது மின்சாரம் தேவை. நியூட்ரல் இல்லாவிட்டால் அந்தச் சிறிதளவை விளக்கின் வழியாகவே கசியவிட்டு உயிர் வாழும். பழைய இழைக் குமிழுக்கு அது தெரியாது, இன்றைய எல்.ஈ.டி.க்கு அந்தக் கசிவே ஒளிர்வதற்குப் போதும்.

அடுத்த இரண்டு நாட்கள் நானும் பாஸும், வீடியோ அழைப்பில் மருமகனும் சுவிச்சு தேர்ந்தோம். அனுபவத்தில் கற்றதை இங்கே எழுதிவைக்கிறேன். பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு வெளிநாடுகளில் வாழும் வாசகர்கள் பலர் இதே யோசனையில் இருக்கக்கூடும்.

சுவரில் ஒட்டும் மின்கலப் பொத்தான்கள் உண்டு. கம்பி வேண்டாம்; எங்கும் ஒட்டலாம். ஆனால் மின்கலம் தீர்ந்த இரவில் அது வெறும் பிளாஸ்திக்குத் துண்டு. அழுத்தும் விசையிலேயே மின்சாரம் பிறப்பித்துச் செய்தி அனுப்பும் பொத்தான்களும் உண்டு. அவற்றுக்கு மின்கலம் வேண்டாம், ஆனால் சற்று ஓங்கி அழுத்த வேண்டும். கட்டுப்போட்ட கைக்கு ஆகாது. இரண்டும் நேரே விளக்கின் மின்சாரத்தைத் தொடுபவை அல்ல. செய்தி அனுப்புபவை. செய்தி போய்ச் சேராவிட்டால் விளக்கு எரியாது. செய்தி போய்ச் சேராமல் போவது எத்தனை விதம் என்று பத்திரிகைக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கடைசியில் நாங்கள் எடுத்தது மிகவும் சாதாரணமான வழி. கடையில் கிடைக்கும் அதே வெள்ளைச் சுவிச்சு, விரலுக்கு 'டக்' என்று பதில் சொல்லும் சுவிச்சு, சுவரில் இருக்கும். அதன் பின்னால் பெட்டிக்குள் தீப்பெட்டி அளவு ரிலே கருவி ஒன்று. பாஸ் பிரதான ஆளியை நிறுத்திவிட்டு, கேசிங்கைத் திறந்து எல்லாப் பெட்டிகளுக்கும் நியூட்ரல் கம்பி இழுத்தார். விளக்குகள் சாதாரண எல்.ஈ.டி. குமிழ்கள், பழுதானால் சந்திக் கடையில் வாங்கலாம். கையால் அழுத்தினாலும் எரியும், கைபேசியால் சொன்னாலும் எரியும். இணையம் அறுந்தாலும் சுவிச்சு வேலை செய்யும். குறை இல்லாமல் இல்லை: கீழே தள்ளினால் எரியும், மேலே தள்ளினால் அணையும் என்ற பழைய ஒழுங்கு போய்விடும், ஒவ்வொரு தட்டுக்கும் நிலை மாறும். அக்கா அரை நாளில் அதைப் பழகிக்கொண்டாள்.

பின்வாசலுக்கு மட்டும் கூடுதலாக இரண்டு. வீட்டுக்குள் ஒன்று, கழிவறைக் கதவருகே மழை படாத உறைக்குள் ஒன்று என இரண்டு இடத்திலிருந்தும் இயக்கும்படி வைத்தோம். படிகளைப் பார்த்தபடி, உடல் வெப்பத்தின் அசைவை உணரும் கருவி ஒன்று. ஆள் நடமாட்டம் இருக்கும் வரை அந்த விளக்கு அணையாது.

மிஞ்சியது ஒரு கேள்வி: டொரொன்டோவிலிருந்து யார் எதைச் செய்யலாம்? மருமகன் வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு அவனே சொன்னான். "மாமா, இங்கிருந்து ஏத்தலாம். அணைக்க முடியாத மாதிரி மாத்திடுறேன்." அன்றே அப்படி மாற்றிவிட்டான். பிள்ளை தூரத்திலிருந்து விளக்கேற்றலாம். அணைப்பது வீட்டில் இருப்பவளின் உரிமை. நான் படித்த அரசியலமைப்புகள் பலவற்றைவிட நல்ல ஏற்பாடாக எனக்கு அது பட்டது.

2025 பெப்ரவரி 9 அன்று, பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததால் என்று அமைச்சர் சொன்ன அந்த நாடளாவிய மின்தடை வந்தது. அன்று மாலை அக்காவை அழைத்துக் கேட்டேன். "கரண்ட் வந்துச்சு தம்பி. நான்தான் போட்டேன்" என்றாள். 'நான்தான்' என்பதில் ஓர் அழுத்தம் இருந்தது.

இலங்கைப் பாடநூல்களில் சுவிச்சுக்கு 'ஆளி' என்று பெயர். பள்ளியில் மனனம் செய்தபோது அந்தச் சொல்லை நான் யோசித்ததே இல்லை. முதலாளி, தொழிலாளி என்று மேடைகளில் முழங்கக் கேட்டு அதைப் பத்திப் பத்தியாக எழுதிய காலத்திலும் யோசித்ததில்லை.

போன மாதம் அட்டன் போயிருந்தேன். அக்காவின் மணிக்கட்டு குளிருக்கு இன்னும் வலிக்கிறதாம். பேசிக்கொண்டிருக்கையில் இருட்டிவிட்டது. எழுந்து போனாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். டக் என்றது.