பட்டறையில் பெரட்டு

ஜெலுத்தோங்கில் நம் நண்பர் ஒருவர் மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை நடத்தி வருகிறார். சென்ற ஆண்டு நம் காரை அங்கே விட்டுவிட்டு மூன்று நாள் காத்திருக்க நேர்ந்தது. பிரேக் தேய்ந்ததைத் தவிர அதற்கு வேறு நோய் கிடையாது. வேலைக்குச் சென்ற நேரம் ஒரு மணிக்கும் குறைவு. மற்ற நேரமெல்லாம் கார் சும்மா நின்றது. யாராவது வந்து பார்க்கட்டும் என்று ஒரு நாள். சாமான் வரட்டும் என்று ஒரு நாள். வந்த சாமானை வாங்கி வைத்தவர் ஒருவரிடமும் சொல்லாமல் சாப்பிடப் போய்விட்டதால் மற்றொரு நாள். நண்பராகையால் கோபித்துக் கொள்ள இயலவில்லை. எனினும் சும்மா உட்கார்ந்திருப்பவர்க்கும் கண் உண்டல்லவா? மூன்று நாளும் அப்பட்டறையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

மெக்கானிக்குகள் ஏழு பேர். வாடிக்கைக்காரரை வரவேற்பவரும் நண்பரே. தொலைபேசியில் விலை சொல்பவரும் அவரே. சாமான் கடையோடு சண்டையிடுபவரும் அவரே. இவற்றுக்கிடையில், "தம்பி, அந்த வெள்ளைக் காரைப் பார்" என்று ஒரு கூச்சல். வெள்ளைக் கார்கள் அங்கே நான்கு நின்றன! உள்ளே மாற்ற வேண்டிய சாமான் கைக்கு வருமுன்பே கியர்பெட்டியைக் கழற்றிய கார் ஒன்று, தூக்கியின்மேல் இரண்டு நாள் தொங்கிற்று. அதனால் அந்தத் தூக்கி எவருக்கும் பயன்படவில்லை. இருபதாண்டு அனுபவமுள்ள மூத்த மெக்கானிக்கோ, "அண்ணே, அடுத்தது எது?" என்று கேட்டு வருபவர்க்கெல்லாம் விடை சொல்வதற்காகக் கால்மணிக்கொரு தரம் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

இதற்கென ஒரு தனி ஆளை நியமிக்கலாகாதா என்று நண்பரைக் கேட்டோம். பெரிய பட்டறைகளில் அவ்வாளை டிஸ்பேச்சர் என்பர். வேலை பகிர்வோர் என்று நாம் சொல்லலாம். எந்தக் கார் எந்த நேரத்துக்கு வாக்களிக்கப்பட்டது, எதற்குச் சாமான் வந்தது, எந்தத் தூக்கி காலி, யார் எதில் கைதேர்ந்தவர் என்பவற்றை மனத்திலும் பலகையிலும் வைத்துக்கொண்டு, அடுத்த வேலையை அடுத்த கையில் கொடுப்பதே அவர் தொழில். நம் பினாங்கு வாசகர்களுக்கு இது புதிதன்று. ஃபெரியில் கார்கள் ஏறிய காலத்தில் — 2020ஆம் ஆண்டு முடிவோடு அது நின்றுவிட்டது — துறைமேடையில் ஒருவர் கையை வீசி, நீ இந்த வரிசை, நீ அந்த வரிசை என்று காட்டுவார். அவர் ஒரு காரையும் ஓட்டியதில்லை. ஆயினும் அவரில்லாவிடில் பட்டர்வொர்த் போய்ச் சேர்ந்திருப்போமா?

"ஸ்பேனர் பிடிக்காத ஆளுக்குச் சம்பளம் கொடுத்து நிற்க வைக்க நான் என்ன துரையா, அண்ணே?" என்றார் நண்பர். நியாயமான கேள்விதான். காகிதத்தில் கணக்குப் போட்டோம். ஏழு பேரும் ஆளுக்கு ஒரு மணி நேரத்தைத் தேடுவதிலும் கேட்பதிலும் காத்து நிற்பதிலும் இழப்பார்களாயின், நாளொன்றுக்கு ஏழு மணி போகிறது; ஏறக்குறைய ஓர் ஆளின் முழு நாள். மூன்றே பேருள்ள பட்டறையானால் போவது மூன்று மணி. அங்கே முதலாளியே பகிர்ந்து கொடுத்துவிட்டுப் போகலாம், தனி ஆள் வீண் செலவு. ஏழு பேருக்குமேல் அப்படியன்று. நண்பர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக் கொண்டார்.

அடுத்த கிழமை அவர் மகிழ்ச்சியோடு வந்து, தம் தமக்கை மகனையே அவ்வேலையில் அமர்த்தப் போவதாகச் சொன்னார். நமக்கு நெஞ்சு திடுக்கிட்டது.

தோட்டத்தில் பிறந்தவர்க்கு அதன் காரணத்தைச் சொல்ல வேண்டுவதில்லை. நகரத்து வாசகர்களுக்காகச் சொல்கிறோம். விடியுமுன் ஆட்கள் வரிசையாக நிற்க, யார் எந்த நிரையில் பால் வெட்டுவது என்று பேர் சொல்லி அனுப்பும் இடம் பெரட்டு. நிரைகள் எல்லாம் ஒன்றல்ல. சமதரையில் இளமரங்கள் நிற்கும் நிரையில் வாளி நிறையும். மேட்டில் கிழமரங்கள் நிற்கும் நிரையில் கால் தேயும், வாளி நிறையாது. பாலின் எடைக்குக் கூலி என்னும்போது, நிரையைக் கொடுப்பவனே கூலியைக் கொடுப்பவன் ஆகிறான். பழைய கங்காணிக்கு, பெரட்டுக்கு வந்த ஆளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று தலைக்காசு இருந்தது. அவன் எண்ணியது தலைகளை, நியாயத்தையன்று. 1938இல் இந்திய அரசாங்கம் உதவிபெற்று ஆட்கள் குடியேறுவதைத் தடுத்ததோடு கங்காணி ஆள் சேர்ப்பதும் ஒழிந்தது, தண்டல்கள் ஒழியவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? மேலாளைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கமும் ஒழிய வேண்டும் என்றார்கள்.

செபராங் பிறையில் பால்மரம் வெட்டிய நம் தகப்பனார், தண்டல் வீட்டுக் கல்யாணத்துக்குக் கோழி கொடுக்கவில்லை. அந்த வருஷம் முழுவதும் அவருக்கு மேட்டு நிரை. அந்த வருஷம் நமக்குப் பள்ளிக்கூடச் சட்டை புதிதாக வரவில்லை. இவ்விரண்டுக்குமுள்ள சம்பந்தம் நமக்கு வெகுகாலம் கழித்தே விளங்கிற்று.

நிற்க. பட்டறையிலும் நிரைகள் உண்டு. அமெரிக்காவில் பல பட்டறைகளில் மெக்கானிக் உழைத்த மணிக்குக் கூலி இல்லை. இன்ன வேலைக்கு இத்தனை மணி என்று புத்தகத்தில் குறித்த கணக்குக்கே கூலி. பிரேக் மாற்றும் வேலை பெற்றவர் சீக்கிரம் முடித்துச் சம்பாதிப்பார். எங்கோ ஒரு மின்கம்பி அறுந்ததைத் தேடுபவர் பொழுதெல்லாம் தேடி வெறுங்கையோடு போவார். நம் நண்பர் மாதச் சம்பளம் கொடுப்பவரே. ஆனால் முடித்த கார் ஒவ்வொன்றுக்கும் கமிஷன் உண்டு. அங்கே மின்கோளாறு பார்ப்பதில் மிகக் கெட்டிக்காரர் ஓர் இளைஞர், தோட்டத்துப் பிள்ளை. கெட்டிக்காரர் என்பதனாலேயே கடினமானவை எல்லாம் அவர் தலையில். எண்ணெய் மாற்றும் கார்களெல்லாம் தமக்கை மகன் கையில். மாத முடிவில் கமிஷன் யாருக்குப் போயிருக்கும் என்று வாசகர்களே ஊகிக்கலாம். இளைஞர் சிங்கப்பூருக்குப் போகப் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தார். இந்நிலையில் வேலை பகிரும் அதிகாரமும் அந்த மருமகனிடமே போகுமானால்?

மேனாட்டில் இவ்வேலையை எழுத்து மேசைக்குக் கொண்டு போனவர் டெய்லர் என்னும் எஞ்சினீயர். 1903இல் அவர் வெளியிட்ட நூலில், போர்மேன் ஒருவர் செய்ததை எட்டுப் பேருக்குப் பிரித்தார். எவ்வேலை எவ்வழியே போக வேண்டுமென்று எழுதி வைப்பவர் அவ்வெண்மரில் ஒருவர். ஒழுங்கு வந்தது உண்மையே. ஆனால் எண்ணுவதற்கு ஒரு கூட்டம், செய்வதற்கு ஒரு கூட்டம் என்றும் ஆயிற்று. தலைக்கு ஒரு சாதி, கைக்கு ஒரு சாதி என்பதை நம்மவர்க்கு வெள்ளைக்காரரா வந்து கற்பிக்க வேண்டும்? 1911இல் வாட்டர்டவுன் ஆயுதசாலையில் வார்ப்புத் தொழிலாளர் டெய்லரின் நேரங்காட்டிக் கடிகாரத்தைக் கண்டதும் வேலையைவிட்டு வெளியேறினார்கள். நாம் அவர்களைக் குறைகூற மாட்டோம்.

ஆகவே நண்பரிடம் நாம் சொன்னது இது: தனி ஆள் வேண்டும், மருமகன் வேண்டாம். முதுகு வலியால் காருக்கடியில் படுக்க முடியாமல் தவிக்கும் மூத்த மெக்கானிக்கை அமர்த்துங்கள். அவருக்குக் கமிஷன் வேண்டாம், சம்பளத்தை உயர்த்துங்கள். காரின் எண், வாக்களித்த நேரம், சாமான் நிலை, வேலை பெற்றவர் பேர் யாவும் எல்லாரும் பார்க்கும் சுவரில் இருக்கட்டும். மின்கோளாறு ஒன்றை இரண்டு காராகக் கணக்கிடுங்கள். ஒருவர் தம்முள் முடிவு செய்வதும், அனைவர் கண்முன்னே முடிவு செய்வதும் வெவ்வேறு என்பதை வற்புறுத்தினோம். நண்பர் முகம் சுருங்கிற்று. தமக்கைக்கு என்ன பதில் சொல்வது என்பதே அவர் கவலை. அக்கவலைக்கு நம்மிடம் மருந்தில்லை.

இரண்டு மாதம் யோசித்துத்தான் ஒப்புக்கொண்டார். எல்லாம் உடனே சீர்ப்பட்டதென்று சொல்ல மாட்டோம். மூத்தவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. முதல் மாதம் பலகையை விட்டுவிட்டு ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு ஓடினார், பின்னால் கார்கள் பழையபடி நின்றன. மருமகன் இரண்டு கிழமை வேலைக்கு வரவில்லை. அவருடைய தாயார் ஒரு கல்யாண வீட்டில் நம்மைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக் கொண்டார். இப்போதெல்லாம் தூக்கியின்மேல் சாமானில்லாமல் கார் தொங்குவதில்லை என்பதை மட்டும் நம் கண்ணால் கண்டோம்.

சென்ற மாதம் எண்ணெய் மாற்றப் போயிருந்தோம். பலகையில் நம் காரின் எண்ணுக்கு நேரே அந்த இளைஞர் பேரும், நான்கு மணி என்றும் எழுதியிருந்தது. கார் கைக்கு வந்தது நான்கே காலுக்கு. தமக்கை மகன் ஒரு பழைய சாகாவின் முன்மூடிக்குள் தலையை நுழைத்து, காலை முதல் கம்பி தேடிக்கொண்டிருந்தார். சிங்கப்பூர் யோசனை என்னவாயிற்று என்று இளைஞரைக் கேட்டோம்.

"தீபாவளிக் கமிஷன் வரட்டும், ஐயா. கையில் வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார்.