தருமபுரிக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர்

சென்னை தீவுத்திடல் பக்கம் போனவர்களுக்கு அந்தக் குதிரைச் சிலை தெரிந்திருக்கும். சேணமில்லாத குதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவர் சர் தாமஸ் மன்றோ. சென்னை மாகாண கவர்னர் என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால் அவர் ஆட்சி வேலை பழகியது நம்ம தருமபுரியில்!

திப்புவிடமிருந்து பாரமகால் பகுதி 1792-ல் கம்பெனி கைக்கு வந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாளராக வந்த மன்றோ, 1799 வரை இங்கே ஊர் ஊராகப் போய் நிலம் அளந்தார், வரி போட்டார். தருமபுரியில் வீடும் தோட்டமும் வைத்திருந்தார். ஊரை விட்டுப் போக மனசே இல்லையாம்.

மன்றோ பிறந்தது 1761-ல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில். அந்த நாட்டில் ‘ஷெரிப்’ என்றால் சினிமாவில் நட்சத்திர பேட்ஜ் குத்திக்கொண்டு துப்பாக்கியோடு வருகிற ஆள் இல்லை. சென்னையில் ஒரு காலத்தில் இருந்த கௌரவப் பதவி ஷெரிப்பும் இல்லை. அங்கே ஷெரிப் என்றால் உள்ளூர் நீதிபதி. இன்றைக்கும் அப்படித்தான்.

முன்பு அந்தப் பதவி பல இடங்களில் பரம்பரைச் சொத்தாக இருந்தது. ஊரின் நிலமெல்லாம் யாருடையதோ அவரே நீதிபதி. குத்தகை பாக்கி என்று அவரே வழக்குப் போட்டு அவரே தீர்ப்பும் சொன்னால் குடியானவன் எங்கே போவான்? 1747-ல் வந்த சட்டம் அந்தப் பரம்பரை உரிமையைப் பிடுங்கி, சட்டம் படித்தவர்களை ஷெரிப் ஆக்கியது. ‘ஐவன்ஹோ’ எழுதிய வால்டர் ஸ்காட் கூட செல்கர்க் பகுதி ஷெரிப்தான். மன்றோ பாரமகாலை விட்டுக் கிளம்பிய அதே 1799-ல் நியமிக்கப்பட்டவர்.

அப்படிப்பட்ட நாட்டுக்காரர் இங்கே என்ன செய்தார் தெரியுமா? இங்கிலீஷ் கோர்ட்டுகள் தூரத்தில் இருக்கின்றன, வழக்கு இழுத்தடிக்கிறது, ஏழைக்குக் கட்டுப்படியாகாது என்றார். அது நியாயம்தான். அவர் முயற்சியில் வந்த 1816-ம் வருஷச் சட்டங்கள், ஊர் மணியக்காரரையே கிராம முன்சீப் ஆக்கி, 10 ரூபாய் வரையிலான வழக்குகளை விசாரிக்க விட்டன. (தாத்தா முன்சீப்பாக இருந்தார் என்று சொல்கிற குடும்பங்கள் இன்றும் உண்டு. 1980-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில்தான் அந்தப் பதவி போனது.) கூடவே இன்னொன்றும் நடந்தது. மாஜிஸ்திரேட் அதிகாரமும் போலீஸும் ஜட்ஜிடமிருந்து கலெக்டருக்கு மாறின. வரி வசூலிப்பவரே குற்றத்தையும் விசாரிப்பார்!

கிட்டத்தில் நீதி வேண்டும் என்று நினைத்தவர், கேட்பதற்கு ஆளில்லாத ஒரு நாற்காலியையும் செய்து வைத்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1973-ம் வருஷக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்த பிறகுதான் குற்ற விசாரணை நாடு முழுக்க நீதித்துறைக்கு முழுசாகப் போனது.

அந்தப் பிரிவினை எதற்கு என்று தெரிய, தருமபுரியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் அரூருக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து சித்தேரி மலையடிவாரத்துக்குப் போக வேண்டும். வாச்சாத்தி. பழங்குடி மக்களின் சின்ன ஊர். மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது.

1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து இந்த ஊருக்குள் நுழைந்தன. வீடுகளை உடைத்தார்கள், மக்களை அடித்து இழுத்துப் போனார்கள். பெண்களுக்கு நடந்ததை இங்கே விவரிக்க மனம் வரவில்லை. புகார் கொடுக்க வேண்டிய இடத்தில் இருந்தவர்களே வந்தவர்கள். மன்றோ காலத்து ஏற்பாடு அப்படியே இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

முடியவில்லை. உயர் நீதிமன்ற உத்தரவில் சி.பி.ஐ. விசாரித்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றத்தில் தீர்ப்பு. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள். தீர்ப்புச் சொன்னது டெல்லியோ சென்னையோ இல்லை, நம்ம ஜில்லா கோர்ட். ஆனால் அதற்கே 19 வருஷம் ஆனது. இழுத்தடிக்கிறது என்று மன்றோ அன்று சொன்னதற்கு இன்றும் பதில் இல்லை.

மேல்முறையீட்டில், தீர்ப்பு சொல்வதற்கு முன்பு 2023 மார்ச்சில் உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் வந்து பார்த்தார். அதே செப்டம்பர் 29-ல் தண்டனையை உறுதி செய்தார். சம்பவம் நடந்தபோது இருந்த எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார். அந்தப் பட்டியலில் அன்றைய கலெக்டரும் உண்டு.